நான்கு நாடு, ஒரு சீட்டுக்கட்டு

சனிக்கிழமை இரவு எட்டரை மணி ஆனதும் என் பெரிய மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ரோவல் ரோட்டு வீவக வீட்டின் சாப்பாட்டு மேசையில் கைக்கணினியை நிமிர்த்தி வைப்பார். அதே நேரம் கொழும்பு வெள்ளவத்தையில் மாலை ஆறு மணி. லண்டன் ஹாரோவில் பிற்பகல் ஒன்றரை. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் அதே சனிக்கிழமை காலை எட்டரை, அங்கே இருப்பவர் இன்னும் காப்பிகூட குடித்திருக்கமாட்டார். (குளிர்காலத்தில் லண்டனும் டொராண்டோவும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளிவிடும். அதற்காக ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் ஒரு சண்டை நடக்கும்.)

நால்வரும் பருத்தித்துறையில் ஒன்றாகப் படித்தவர்கள். எல்லாருக்கும் வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூட நாளில் வேப்பமரத்தடியில் பிடித்த சீட்டை ஐம்பது ஆண்டுகளாகக் கல்யாண வீடுகளில்தான் தொடர்ந்தார்கள். யார் வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் என்றாலும் தாலி கட்டி முடிந்த கையோடு ஒரு மூலையில் பாய் விரிந்துவிடும். கடைசியாக 2019-இல் இங்கே ஒரு கல்யாணத்தில் இரண்டு இரவு ஆடினார்கள். அடுத்த ஆண்டு கொவிட் வந்தது. பிறகு முழங்கால் வலி, இதயத்தில் ஸ்டென்ட் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். இனி நான்கு பேரும் ஒரே பாயில் உட்காரப்போவதில்லை என்பதை அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இதில் நான் எப்படி நுழைந்தேன் என்றால், ஒரு கடன் அட்டைக் கணக்கால்.

மாமாவுக்கு மாதக் கணக்கைப் படித்துக்காட்டுவது என் வேலை. ஒரு மாதம் அதில் நான்கு வெள்ளி, ஒன்பது வெள்ளி என்று வரிசையாக இருந்தது. கூட்டிப் பார்த்தால் 140 வெள்ளிக்கு மேல். “இது என்ன மாமா?” என்று கேட்டேன். “அது மேசைக் காசு, பிள்ளை” என்றார். கைப்பேசியில் இலவசச் சீட்டாட்டச் செயலி ஒன்றை இறக்கியிருக்கிறார். அது சும்மா கொடுத்த நாணயங்கள் தீர்ந்ததும், தொடர்ந்து ஆட வாங்கச் சொல்லியிருக்கிறது. கிளப்பில் மேசைக்குக் கொடுப்பதுபோல என்று எண்ணி இவர் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதில் அவருடன் ஆடியது யார், மனிதரா இயந்திரமா என்பதுகூட அவருக்குத் தெரியாது. “ஆரெண்டு தெரியாது, கதைக்கிறதும் இல்லை” என்றார். அதைத்தான் பெரிய குறையாகச் சொன்னார், 140 வெள்ளியை அல்ல.

அன்றிரவே என் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் மென்பொருள் எழுதுபவன். நான் வானொலியில் பேசுபவள், ஊடகம் படித்தவள், கணினியின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்ததே இல்லை. “நால்வர் மட்டும் ஆட நம்மிடமே ஒரு சர்வர் வைத்துக்கொள்ள முடியுமா?” என்று கேட்டேன். “விதிகளை நான் எழுதுகிறேன், சர்வரை நீ பார்த்துக்கொள்” என்றான். சும்மா விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன்.

கூட்டினால் 304

அவர்கள் ஆடுவது ‘முந்நூற்று நாலு’. இலங்கையில் பலருக்கும் தெரிந்த ஆட்டம், கேரளத்தின் ‘இருபத்தெட்டு’க்கு நெருங்கிய சொந்தம். ஏழிலிருந்து ஏஸ் வரை 32 சீட்டு மட்டும். ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்தில் 76, நான்கு இனத்தையும் கூட்டினால் 304. எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள்.

இனங்களின் பெயரைக் கேட்டால் நம் பிள்ளைகள் விழிப்பார்கள். மாமா கிளப்ஸைக் ‘கலாவரை’ என்பார், ஸ்பேட்ஸை ‘ஸ்கோப்பன்’ என்பார். டச்சுக்காரர்கள் 1658-இலிருந்து 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டபோது விட்டுப்போன சொற்கள் இவை. அவர்கள் மொழியில் கிளாவர், ஸ்கோப்பன். நம் ‘துருப்பு’ என்ற சொல்லும் டச்சு ‘ட்ரூஃப்’தான், மாமா வாயில் அது ‘துரும்பு’. கோட்டை இடிந்தாலும் சீட்டு போகவில்லை.

ஆட்டத்தின் சுவை ஒளித்து வைப்பதில் இருக்கிறது. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு. அதைப் பார்த்து ஏலம் கேட்கவேண்டும், 160-இல் தொடங்கும். ஏலத்தை எடுத்தவர் தன் கையிலிருந்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அதன் இனம்தான் துரும்பு. அது என்னவென்று அவருக்கு மட்டும் தெரியும், கூட்டாளிக்குக்கூடத் தெரியாது. பிறகு மேலும் நான்கு சீட்டு. இறக்கிய இனம் கையில் இல்லாதவர் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடலாம். அதைத் துரும்பு வைத்தவர் மட்டும் எடுத்துப் பார்ப்பார். துரும்பாக இருந்தால் குட்டு உடையும். இல்லையென்றால் சீட்டு கவிழ்ந்தபடியே போகும், மற்ற இருவருக்கும் அது கடைசிவரை மர்மம்.

இதைக் கேட்டுவிட்டுத் தம்பி தலையில் கைவைத்தான். “ரம்மியாக இருந்தால் ஒரு வாரத்தில் முடித்திருப்பேன்” என்றான். ரம்மியில் உன் கை உனக்கு, அவ்வளவுதான். இதிலோ ஒரே சீட்டு ஒருவருக்குத் தெரியவேண்டும், ஒருவருக்கு அது யார் போட்டது என்று மட்டும் தெரியவேண்டும், ஒருவருக்கு முதுகுப்புறம் மட்டும் தெரியவேண்டும்.

சர்வர் என்பவர் யார்?

தமிழில் இந்தச் சொல்லுக்கு நல்ல வசதி உண்டு. சர்வர் என்றதும் நமக்குச் சாப்பாட்டுக் கடையில் தட்டுத் தூக்குபவர்தான் நினைவுக்கு வருவார். நாகேஷ் நடித்த ‘சர்வர் சுந்தரம்’ (1964) பார்த்தவர்கள் அம்மா அப்பா தலைமுறையில் எத்தனையோ பேர். கணினி சர்வர் செய்வதும் அதே வேலைதான். நான்கு மேசையிலிருந்தும் ஆர்டர் எடுத்து, சமையலறையில் கொடுத்து, எந்தத் தட்டு யாருக்கோ அவருக்கு மட்டும் கொண்டுபோய் வைக்கவேண்டும். சீட்டாட்ட சர்வர் என்றால் தட்டுகளை மூடியே கொண்டுவரவேண்டும்.

முக்கியமான விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. 32 சீட்டையும் நான்கு பேர் கருவிக்கும் அனுப்பிவிட்டு, “மற்றவர் சீட்டைத் திரையில் காட்டாதே” என்று சொல்லிவைத்தால் போதாது. கணினி தெரிந்த பேரன் ஒருவன் உலாவியின் பின்பக்கத்தைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். எதை ஒருவர் பார்க்கக்கூடாதோ அது அவர் வீட்டுக்கு வரவே கூடாது. தம்பி பயன்படுத்திய ‘போர்ட்கேம் டாட் ஐஓ’ என்ற இலவசத் திறமூல மென்பொருளில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ஆட்டத்தின் முழு நிலவரமும் சர்வரிடம் இருக்கும். ஒவ்வொருவருக்கும் அனுப்பும் முன் அவர் பார்க்கக்கூடாததைக் கத்தரித்துவிடும். என்ன கத்தரிப்பது என்பதை நாம் எழுதவேண்டும். தம்பிக்கு அதை எழுதவே மூன்று வார இறுதிகள் பிடித்தன.

என் பங்கு தேக்காவுக்குப் பக்கத்திலேயே தொடங்கியது. சிம் லிம் டவரில் ஒரு கடையில் ராஸ்பெர்ரி பை வாங்கினேன். சீட்டுக்கட்டு அளவே உள்ள கணினி. அதைப் பொங்கோலில் என் வீட்டு ரௌட்டர் பக்கத்தில் வைத்து, தம்பி எழுதித் தந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். வீட்டு வைஃபையில் ஆட்டம் அருமையாக ஓடியது. நானும் கணவரும் இரண்டு கைப்பேசி, இரண்டு மடிக்கணினி வைத்து நான்கு பேராக ஆடினோம். பெருமையோடு மாமாவுக்கு இணைப்பை அனுப்பினேன். அங்கே வெள்ளைத் திரை.

காரணத்தை வீவக வாசிகளுக்குச் சொல்வது எளிது. ரௌட்டர் என்பது நம் புளோக். வெளி உலகத்துக்குப் புளோக் எண் ஒன்றுதான் தெரியும். உள்ளே எந்த வீட்டில் ராஸ்பெர்ரி பை குடியிருக்கிறது என்பது தபால்காரருக்குத் தெரியாது, கடிதம் கீழ்த்தளத்தோடு திரும்பிவிடும். ‘போர்ட் ஃபார்வர்டிங்’ என்று ஒன்று செய்தால், “8000 என்று எழுதியிருந்தால் இந்த வீட்டுக்குக் கொடு” என்று ரௌட்டரிடம் சொல்லிவைக்கலாம். ஆனால் புளோக் எண்ணே அவ்வப்போது மாறிவிடும், ஏனென்றால் வீட்டு இணையத்துக்குப் பெரும்பாலும் நிலையான ஐபி முகவரி கிடையாது. இதையெல்லாம்கூடச் சமாளித்திருக்கலாம். என் மகளின் பள்ளிப்பாடம், கணவரின் அலுவலக மடிக்கணினி எல்லாம் இருக்கும் அதே வீட்டுக் கதவை உலகத்துக்குத் திறந்துவைக்க மனம் வரவில்லை. ராஸ்பெர்ரி பை இப்போது மகளிடம் இருக்கிறது.

அதனால் மாத வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்தேன். சிங்கப்பூரிலேயே இருக்கும் ஒரு தரவு மையத்தில், இருப்பதிலேயே சிறியது. மாதம் ஏறக்குறைய எட்டு வெள்ளி, மாமாவின் ‘மேசைக் காசோடு’ பார்த்தால் ஒன்றுமில்லை. சீட்டாட்டத்துக்கு அதற்குமேல் தேவையும் இல்லை. ஒரு சீட்டை இறக்கும்போது போவது ஒரு குறுஞ்செய்தி அளவு தகவல், வீடியோ ஒன்றும் இல்லையே.

தூரம்கூடப் பெரிய தொல்லை இல்லை. சென்னைக்கும் நமக்கும் இடையே கடலுக்கடியில் கிடக்கும் ஐ2ஐ கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும், ஆக அந்தத் தூரத்தைப் போய்வர அதற்கு 32 மில்லிநொடி போதும். டொராண்டோவுக்குக் கால் நொடி ஆகலாம். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் கால் நொடி என்றால் உயிர் போய்விடும். டொராண்டோ மாமா ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்து, பெருமூச்சுவிட்டு, வேறொன்றை எடுக்கவே நாற்பது நொடி ஆகும். வானொலியில் நாற்பது நொடி நிசப்தம் என்றால் எனக்கு வேலையே போய்விடும்.

கதவைத் தட்டியவர்கள்

வாடகை சர்வரைத் திறந்த முதல் மணி நேரத்திலேயே யாரோ கதவைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். பதிவேட்டைப் பார்த்தால் ‘ரூட்’ என்ற பெயரில் முயற்சி, ‘அட்மின்’ என்ற பெயரில் முயற்சி, இன்னும் கேள்விப்படாத பெயர்களிலெல்லாம் முயற்சி. எனக்குக் குலைநடுங்கியது. தம்பி சிரித்தான். “உன்னைத் தேடி யாரும் வரவில்லை, உலகத்தில் இருக்கும் எல்லாக் கதவையும் தானியங்கி நிரல்கள் தட்டிக்கொண்டே போகும்” என்றான். செய்யவேண்டியது இரண்டு. ஒன்று, கடவுச்சொல்லால் உள்ளே வருவதையே நிறுத்திவிட்டு, என் கணினியில் மட்டும் இருக்கும் மின்சாவியால் நுழைவது. இரண்டு, 22, 80, 443 என்ற மூன்று போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தீச்சுவரால் அடைப்பது. ஆட்டம் ஓடும் 8000 உள்ளறையில் இருக்கும். வெளியிலிருந்து வருபவர் முன்வாசலில் நிற்கும் ‘கேடி’ என்ற மென்பொருளைத் தாண்டித்தான் போகமுடியும்.

பெயரைப் பார்த்துப் பயப்படவேண்டாம், இந்தக் கேடி நல்லவன். பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான முகவரிக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்ற லாபநோக்கற்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது. 90 நாளில் காலாவதியாகும், கேடி தானே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். நான் தடுக்கி விழுந்த இடம் வேறு. பக்கம் அழகாகத் திறந்தது, சீட்டு மட்டும் வரவில்லை. பக்கம் பாதுகாப்பான முகவரியில், சீட்டு வரும் வழியான ‘வெப்சாக்கெட்’ மட்டும் பழைய பாதுகாப்பற்ற முகவரியில். உலாவி அப்படிப்பட்ட கலப்பை அனுமதிக்காது. முகவரியின் தொடக்கத்தில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள்.

எப்படியோ ஒரு சனிக்கிழமை எட்டரைக்கு நால்வரும் வந்து சேர்ந்தார்கள். பேச்சுக்கு வாட்ஸ்அப் அழைப்பு, ஆட்டத்துக்கு எங்கள் சர்வர். கொழும்பு மாமா “நூற்றி அறுபது” என்றதும் எங்கள் மாமா சிரித்த சிரிப்பை 2019-க்குப் பிறகு நான் கேட்டதில்லை.

ஒன்பது மணிச் சனியன்

சரியாக ஒன்பது மணிக்கு எல்லார் திரையும் காலியானது. ஆட்டத்தையே காணவில்லை. லண்டன் மாமா 250 கேட்டு வைத்திருந்த நேரம் பார்த்து! மன்னிப்புக் கேட்டுப் புது ஆட்டம் தொடங்கினேன், ஓடியது. அடுத்த சனிக்கிழமையும் ஒன்பதுக்கு அதே கதை. எங்கேயும் பிழை தெரியவில்லை. தம்பி தன் வரிகளை எல்லாம் கிளறிப் பார்த்தான். கடைசியில் கண்டுபிடித்தது மாமா. “பிள்ளை, ரெண்டு கிழமையும் ஒன்பது அடிக்கத்தானே போச்சுது. ஒன்பது மணிக்கு என்ன வைச்சிருக்கிறாய்?” என்றார்.

வைத்திருந்தேன். நினைவகம் நிரம்பிவிடக்கூடாது என்று சர்வர் தினமும் ஒருமுறை தன்னை நிறுத்தித் தொடங்கட்டும் என ஓர் ஏற்பாடு. யாரும் ஆடாத நேரமாகப் பகல் ஒரு மணியைத் தேர்ந்தெடுத்து 13:00 என்று எழுதியிருந்தேன். ஆனால் சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நமக்கு அதைவிட எட்டு மணி நேரம் கூடுதல். 13:00 என்றால் இங்கே இரவு ஒன்பது. கடிகாரத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கும் வானொலிக்காரி செய்த வேலை இது! அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

ஆனால் பிழை அது ஒன்று மட்டுமல்ல. சர்வர் நின்று எழுந்தால் ஆட்டம் ஏன் மறைய வேண்டும்? வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் போர்ட்கேம் டாட் ஐஓ ஆட்டத்தை நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும். வட்டில் எழுதிவைக்கச் சொல்லவேண்டும். இப்போது ஒவ்வொரு நகர்வும் கோப்பில் பதிவாகிறது. சர்வர் விழுந்து எழுந்தாலும் அதே சீட்டு, அதே முறை. யாராவது புதிதாக இப்படி ஒன்று வைக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் இதைச் செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இன்னொரு விபத்து மாமாவுடையது. கடவுச்சொல் நினைவில் வைக்க முடியாதவர்களுக்காக, ஆளுக்கொரு தனி இணைப்பு கொடுத்திருந்தேன். தொட்டால் நேரே அவரவர் நாற்காலி. மாமா தன் இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “எல்லோரும் வந்து பாருங்கோ” என்று எழுதிவிட்டார். ஐந்தே நிமிடத்தில் பதினொரு பேர் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மலேசியாவில் இருக்கும் என் சித்தி மகள் அவர் கையிலிருந்து ஒரு ஏஸை இறக்கியும்விட்டாள். இப்போது பார்வையாளர்களுக்குத் தனி இணைப்பு இருக்கிறது, அதில் கவிழ்ந்த சீட்டுகள் மட்டும் தெரியும்.

“எனக்கு ஏன் ஜாக் வருகுதில்லை?”

லண்டன் மாமாவுக்குத் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஒரு ஜாக்கும் வரவில்லை. மெசின் கள்ளம் செய்கிறது என்று வழக்குப் போட்டார். நானும் தம்பியும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 32 சீட்டில் நான்கு ஜாக். எட்டுச் சீட்டு வாங்கியவருக்கு ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பு கிட்டத்தட்ட 30 விழுக்காடு. மூன்று முறை தொடர்ந்து அப்படி நடப்பது 39-க்கு ஒன்று. ஓர் இரவுக்கு இருபது ஆட்டம் ஆடும் நால்வரில் யாருக்காவது இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் சந்தேகம் அசட்டுத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1999-இல் அமெரிக்காவில் ஒரு மென்பொருள் குழு, அப்போது இணையத்தில் பணம் வைத்து ஆடப்பட்ட போக்கர் ஆட்டத்தின் கலைக்கும் முறையை ஆராய்ந்தது. கலைப்பதற்கான தொடக்க எண்ணை அது நள்ளிரவிலிருந்து கழிந்த மில்லிநொடிகளிலிருந்து எடுத்தது. ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் மில்லிநொடிகள். பெரிய எண்ணாகத் தோன்றும், ஆனால் 52 சீட்டை அடுக்கக்கூடிய வழிகள் 68 இலக்க எண். சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்திசைத்து, தெரிந்த சில சீட்டுகளை வைத்தே மற்றவர் கையில் இருப்பதையெல்லாம் அந்தக் குழுவால் சொல்ல முடிந்தது. அதைப் படித்த பிறகு தம்பி கடிகாரத்தை விட்டுவிட்டு, யாரும் எளிதில் ஊகிக்க முடியாதபடி இயங்குதளமே தரும் எண்ணிலிருந்து தொடக்கத்தை எடுக்கிறான்.

எனக்கென்னவோ, சிக்கல் மெசினிடம் இல்லை, பாயில்தான் இருந்தது என்று தோன்றுகிறது. 52 சீட்டுக் கட்டைச் சரியாகக் கலைக்க இரண்டாகப் பிரித்து ஏழு முறை கோத்துக் கலைக்கவேண்டும் என்று பேயர், டயகோனிஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் 1992-இல் நிறுவினார்கள். கல்யாண வீட்டில் யார் ஏழு முறை கலைக்கிறார்? இரண்டு முறை கலைத்து, வெட்டி, போட்டுவிடுவார்கள். போன ஆட்டத்தில் சேர்ந்து விழுந்த சீட்டுகள் இந்த ஆட்டத்திலும் சேர்ந்தே வரும். ஐம்பது ஆண்டுகள் அரைகுறையாகக் கலைத்த சீட்டில் பழகிய கைக்கு, நன்றாகக் கலைத்த சீட்டு கள்ளமாகத்தான் தெரியும்.

மாமா கேட்ட கேள்விதான் கடினமானது. “பிள்ளை, எல்லாற்ற சீட்டும் உன்ர சர்வரில கிடக்குதெண்டால், நீ பாக்கலாம்தானே?”

பார்க்கலாம். பூட்டு, சான்றிதழ், தீச்சுவர் எல்லாம் வெளியாட்களுக்குத்தான். சர்வரின் சாவி வைத்திருப்பவருக்கு எல்லாம் தெரியும். யாரையும் நம்பாமல் தூரத்திலிருந்தே சீட்டாட வழி உண்டா என்று ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் ஆகிய மூவரும் 1979-இலேயே யோசித்திருக்கிறார்கள். வங்கிகள் பயன்படுத்திய ஆர்எஸ்ஏ மறையாக்கத்தைக் கொடுத்த அதே மூவர். சீட்டுகளை ஒவ்வொருவரும் மாறி மாறிப் பூட்டி அனுப்பும் முறை அது. தம்பி அதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டான். மாமாவிடம் விளக்கியபோது பாதியில் கையமர்த்தினார். “வேண்டாம், நீ பாக்கமாட்டாய்” என்றார். அதற்குப் பிறகு நான் ஆட்டக் கோப்புகளைத் திறப்பதே இல்லை. பிழை பார்க்கவேண்டும் என்றாலும் ஞாயிற்றுக்கிழமைவரை பொறுத்துக்கொள்கிறேன்.

ஐந்து காசும் கூடாது

ஆட்டம் நன்றாக ஓடத் தொடங்கியதும், “சும்மா ஆடினால் சப்பெண்டு கிடக்கு, ஆளுக்கு ஒரு பவுண்டு வைப்பம்” என்றார் லண்டன் மாமா. வேண்டாம் என்றேன். காரணத்தை நம் வாசகர்களுக்கும் சொல்லவேண்டும், ஏனென்றால் தீபாவளி இரவில் பத்துக் காசு வைத்து ரம்மி ஆடாத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. என் அப்பா பக்கத்தில் அதற்கென்றே சில்லறை சேர்ப்பார்கள்.

அது குற்றமில்லை. 2022 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், வீட்டில் நேரில் கூடும் குடும்பத்தாரும் நண்பர்களும் பணம் வைத்து ஆடுவதற்கு விலக்கு அளிக்கிறது. யாரும் அதைத் தொழிலாக நடத்தக்கூடாது, மேசைக்குக் கமிஷன் எடுக்கக்கூடாது. ஆனால் அந்த விலக்கு நேரடி ஆட்டத்துக்கு மட்டும். இணையத்தில் ஆடினால், அதே மாமா, அதே மச்சான், அதே பத்துக் காசாக இருந்தாலும் விலக்கு இல்லை. திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் உண்மையிலேயே ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்களா என்று உறுதிப்படுத்துவது கடினம் என்பது அரசாங்கம் சொன்ன காரணம். சட்டவிரோத நடத்துநரிடம் சூதாடுபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நடத்துபவருக்குத் தண்டனை இதைவிடப் பல மடங்கு. இங்கே நடத்துபவர் என்றால் யார்? சர்வருக்குக் காசு கட்டும் நான்தான்!

தமிழ்நாட்டுச் சொந்தங்களுக்கு இது புதிய கதையில்லை. இணைய ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளுக்குப் பிறகு 2023 ஏப்ரலில் அங்கே தடைச் சட்டம் நடப்புக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்கள், அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நாடு முழுவதற்கும் தடை கொண்டுவந்தது. மாமாவின் 140 வெள்ளி அந்தக் குடும்பங்களின் இழப்புக்கு முன் தூசு. ஆனால் ‘இன்னும் கொஞ்சம் நாணயம் வாங்கு’ என்று கூப்பிடும் குரல் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

எங்கள் திரையில் பணம் இல்லை. பழைய பாய் ஆட்டத்தில் இருந்ததுபோல வெற்றிக்கு வில்லைகள் மட்டும். தோற்ற சோடி அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பழைய புகைப்படம் போடவேண்டும் என்பது தண்டனை. இதனால் 1960களின் பருத்தித்துறைப் படங்கள் இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. அம்மம்மாவின் இளவயதுப் படம் ஒன்றை நான் முதன்முறையாகப் பார்த்தது அப்படித்தான்.

மூன்று வாரமாகக் கொழும்பு மாமாவின் நாற்காலியில் பச்சைப்புள்ளி எரியவில்லை. இடுப்பில் அறுவை சிகிச்சை, நலமாக இருக்கிறார், ஆனால் உட்கார முடியவில்லை. ஆள் வராத இடத்தில் ஆட தம்பி ஒரு தானியங்கி ஆட்டக்காரனை எழுதி வைத்திருந்தான். மாமா அதை அரை ஆட்டம்கூட விடவில்லை. “அது கதைக்காது” என்றார்.

அதனால் இப்போது நான்காவது கை நான். வாரம் முழுக்க ஒலிவாங்கி முன் பேசிவிட்டு, சனிக்கிழமை எட்டரைக்கு மாமாவின் சாப்பாட்டு மேசையில், அவருக்கு எதிரே, என் கைப்பேசியோடு உட்கார்ந்துகொள்கிறேன். போன வாரம் துரும்பு எது என்பதையே மறந்து, கூட்டாளியின் ஜாக்கை நானே வெட்டிவிட்டேன். மாமா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். டொராண்டோவிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. “கொழும்பானிட்ட கேளுங்கோ,” என்றார் லண்டன் மாமா, “படுத்துக்கொண்டு விளையாட ஏலுமோ எண்டு.”